ஆலைக்கு வந்த பல்கலைக்கழகம்

அமெரிக்க நாட்டில் பாஸ்டன் நகரில் 1895ஆம் ஆண்டில் வணிகர் ஒருவர் மனக்கவலையோடு ஒரு கல்விக்கூடத்தின் வாயிலை அடைந்தார். வில்லியம் லைமன் அண்டர்வுட் என்பது அவர் பெயர். கடல் மட்டி, சிங்க இறால் முதலியவற்றை வேகவைத்துத் தகர டப்பாக்களில் அடைத்து விற்பது அவர் குடும்பத்தார் பாட்டனார் காலம் முதல் செய்துவந்த தொழில். அத்தொழிலுக்கு அந்நாளில் ஓர் இடையூறு நேர்ந்தது. பண்டசாலையில் அடுக்கி வைத்த டப்பாக்களுள் சில, தாமாகவே வயிறு வீங்கினாற்போல உப்பலாயின. திறந்து பார்த்தால் உள்ளிருந்த உணவு கெட்டிருந்தது. நன்கு வேகவைத்து, காற்றுப் புகாதவாறு மூடிய பண்டம் கெடுவதற்குக் காரணம் யாது என்பது தொழிலில் பழுத்த அவருக்கும் விளங்கவில்லை. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உயிரியல் ஆசிரியராக இருந்த செட்ஜ்விக் என்பார் வணிகரின் குறையைக் கேட்டார். தம் உதவியாளராகிய சாமுவேல் பிரெஸ்காட் என்னும் இளைஞரை அவரோடு கூட்டி வைத்தார்.

ஒருவரிடம் கேள்வி இருந்தது; மற்றவரிடம் நுண்பெருக்கி இருந்தது. இருவரும் கல்விக்கூடத்து ஆய்வறையிலும் ஆலையிலும் மாறி மாறி உழைத்தனர். கொதிநீரின் வெப்பத்தில் மடியாத நுண்ணுயிர்கள் சில உண்டு என்பதையும், அவை கடினமான தோல் போர்த்த வித்துகளாக மாறி உறங்கிக் கிடக்கும் என்பதையும், டப்பா ஆறிய பிறகு அவை விழித்தெழுந்து பெருகும் என்பதையும் கண்டறிந்தனர். நீராவியை அழுத்தத்தில் அடைத்து 121 பாகை செல்சியசு வெப்பத்தில் பத்து நிமிடம் வைத்தால் அவ்வித்துகள் அழிகின்றன என்று அவர்தம் ஆராய்ச்சி காட்டிற்று. பிரெஸ்காட் பிற்காலத்தில் பேரறிஞராகப் போற்றப்பட்டார். அமெரிக்காவில் 1939ஆம் ஆண்டில் உணவுத் தொழில்நுட்ப அறிஞர்களின் கழகம் தோன்றியபோது அதன் முதல் தலைவராகவும் அவரே அமர்ந்தார். ஆனால் அவருடைய அறிவுக்கு வித்திட்டது ஒரு வணிகர் கைப்பையில் கொணர்ந்த கெட்ட மட்டி டப்பாவே என்றால் அது மிகையாகாது.

அன்று ஆலை பல்கலைக்கழகத்தை நாடிச் சென்றது. இன்றோ பல்கலைக்கழகம் ஆலையை நாடி வருகின்றது. அமெரிக்காவில் கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகம், இல்லினாய் பல்கலைக்கழகம் முதலியன உணவறிவியலை இணையவழியாகக் கற்பிக்கின்றன. இணையவழிக் கல்வியில் முழுப் பட்டம் ஒருபுறம் இருக்க, பட்ட மேற்படிப்புச் சான்றிதழ் என்னும் சிறு படிப்பும் பல இடங்களில் வழங்கப்படுகின்றது. முன்னரே ஒரு துறையில் பட்டம் பெற்றவர்க்கு உரியது அது. பெரும்பாலும் நான்கைந்து பாடங்களே அதில் அடங்கும். மாணவர் தம் ஊரை விட்டு நகர வேண்டுவதில்லை. வேலையை விட வேண்டுவதில்லை. ஆசிரியர் பதிவு செய்து வைத்த விரிவுரையை இரவில் கேட்கலாம். ஐயங்களை எழுதி அனுப்பலாம். தேர்வையும் இருந்த இடத்திலிருந்தே எழுதலாம்.

இம்முறையைப் பழிப்பவரும் உளர், புகழ்பவரும் உளர். பழிப்பவர், 'உணவைத் தொடாமலும் முகராமலும் சுவைக்காமலும் உணவறிவியல் கற்பது, குளத்தில் இறங்காமல் நீந்தக் கற்பது போன்றது' என்பர். புகழ்பவர், 'அறிவுக்கு எல்லையுமில்லை, சுவருமில்லை' என்று பொதுப்படப் பேசி அமைவர். முன்னவர் கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. பின்னவர் கூற்று இனிய சொல்லே எனினும் வினாவுக்கு விடையாகாது. யார் கற்கின்றார், எதன் அருகில் நின்று கற்கின்றார் என்பதை ஆராயாமல் இவ்வழக்கைத் தீர்க்க இயலாது.

தொலைவிலிருந்து தொழிலறிவு கற்பது இணையம் தோன்றிய பின் வந்த புதுமையன்று. பென்சில்வேனியா மாநிலத்தில் நிலக்கரிச் சுரங்கங்களில் நேர்ந்த விபத்துகளில் எண்ணற்றோர் மாண்டனர். 1869ஆம் ஆண்டில் ஏவண்டேல் என்னும் சுரங்கத்தில் மூண்ட தீயில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். பின்னர், சுரங்க மேற்பார்வையாளர் தேர்வெழுதித் தகுதிச் சான்று பெறல் வேண்டும் என்று 1885ஆம் ஆண்டில் அம்மாநிலத்தில் சட்டம் எழுந்தது. பகலெல்லாம் பூமிக்கடியில் உழைக்கும் தொழிலாளி எந்தக் கல்லூரியில் சென்று படிப்பான்? தாமஸ் பாஸ்டர் என்னும் செய்தித்தாள் ஆசிரியர் இதற்கு வழி கண்டார். சுரங்கத் தொழிலைப் பற்றிய வினாக்களுக்கு முதலில் தம் இதழில் விடை எழுதினார்; பின்னர் 1891ஆம் ஆண்டில் ஸ்கிராண்டன் நகரிலிருந்து சுரங்கவியல் பாடங்களை அஞ்சலில் அனுப்பத் தொடங்கினார். அப்பள்ளியில் பின்னாளில் இலட்சக்கணக்கானோர் பயின்றனர்.

அந்தத் தொழிலாளி சுரங்கத்தைப் புத்தகத்தில் மட்டும் கண்டவனல்லன். காற்றோட்டம் குன்றினால் விளக்கின் சுடர் எவ்வாறு மாறும் என்பதை அவன் நாள்தோறும் கண்டிருந்தான். அவனிடம் இல்லாதது காரண அறிவு ஒன்றே. அதனை அஞ்சல் கொணர்ந்தது. ஓர் அஞ்சல் தலைக்குள் அடங்கும் அறிவு அற்பமானது என்று அவனை எள்ளியவர் அன்றும் இருந்திருப்பர். அவர்கள் சுரங்கத்தில் இறங்கியவராய் இருந்திருக்க மாட்டார்கள்.

இன்று உணவு ஆலைகளில் பணிபுரிவோர் பலரின் நிலையும் அச்சுரங்கத் தொழிலாளியின் நிலையை ஒத்ததே. வேதியியலில் பட்டம் பெற்ற பெண்மணி ஒருவர், அவரை மொச்சையும் சாறும் டப்பாவில் அடைக்கும் ஆலையொன்றில் பணிபுரிபவராகக் கொள்வோர் பிழை செய்தவராகார். கல்லூரியில் அவர் கற்றது வேதியியல். ஆலையில் அவர் பொறுப்பில் இருப்பதோ உணவு. அமிலத்தை அளக்க அவருக்குத் தெரியும். அந்த அளவு ஏன் ஓர் உயிரைக் காக்கும் அல்லது போக்கும் என்பதை அவருக்கு ஒருவரும் உரைத்ததில்லை. இத்தகையோர் பணியில் சேர்ந்த பின்னரே உணவைப் பயிலத் தொடங்குகின்றனர். உணவுப் பாதுகாப்பைப் புதுப்பிக்க 2011ஆம் ஆண்டில் அந்நாடு இயற்றிய சட்டமும், உணவு ஆலைகளில் தீங்கைத் தடுக்கும் திட்டத்தை வகுப்பவர் பயிற்சியாலோ பணி அனுபவத்தாலோ தகுதி பெற்றவராய் இருத்தல் வேண்டும் என்றது. எனவே பெரிய ஆலைகளேயன்றிச் சிறிய ஆலைகளும் கற்றவரைத் தேடலாயின.

இனி, அப்பெண்மணி அச்சான்றிதழ்ப் படிப்பில் கற்பது யாது என்பதைச் சற்று விரிவாகக் காண்பது நலம். படிப்பின் மதிப்பு அதன் பெயரில் இல்லை, பொருளில் இருக்கின்றது.

பழப்பாகில் நீர் மிகுதியாக உண்டு. எனினும் அது எளிதில் கெடுவதில்லை. புதிய பழமோ விரைவில் அழுகிவிடுகின்றது. நீர் இருப்பதே கேட்டுக்குக் காரணமாயின் இரண்டும் கெட வேண்டுமன்றோ? உணவில் எவ்வளவு நீர் உள்ளது என்பது வேறு. நுண்ணுயிர் பருகுவதற்கு எவ்வளவு நீர் கிடைக்கின்றது என்பது வேறு. சர்க்கரையும் உப்பும் நீரைப் பற்றி வைத்துக்கொள்கின்றன; பற்றிய நீர் நுண்ணுயிர்க்குக் கிட்டுவதில்லை. இதனை ஆஸ்திரேலிய அறிஞர் ஸ்காட் என்பார் 1950களில் தெளிவாக நிறுவினார். தூய நீருக்கு 1 என்னும் அளவைக் கொண்டால், தேனுக்கு அது ஏறக்குறைய 0.6 ஆகும். 0.85 என்னும் எல்லைக்குக் கீழ்ப்பட்ட உணவில் நோய் விளைக்கும் பாக்டீரியங்கள் பெருக இயலாது என்று கொண்டே சட்டங்கள் வகுக்கப்பட்டுள்ளன. பாட்டியர் கைப்பக்குவமாக அறிந்திருந்த ஒன்றை இவ்வெண் அளந்து காட்டுகின்றது.

புளிப்பின் கதையும் அத்தகையதே. கார அமில நிலையை அளக்கும் அளவுகோலில் 4.6 என்பது உயிரையும் சாவையும் பிரிக்கும் கோடு எனலாம். அதனினும் புளிப்பு மிக்க உணவில் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்னும் கொடிய நுண்ணுயிரின் வித்து முளைத்து நஞ்சு உமிழ்வதில்லை. புளியும் எலுமிச்சைச் சாறும் சேர்ந்த பூண்டு ஊறுகாயை அறியாதார் யார்? அப்புளிப்பு நாவுக்குச் சுவை; உடலுக்குக் காவல். அக்காவலை நீக்கி, பூண்டை நறுக்கி எண்ணெயில் மட்டும் இட்டு வைத்தால் என்ன நிகழும் என்பதை 1985ஆம் ஆண்டில் கனடா நாட்டு வான்கூவர் நகரம் கண்டது. குளிர்பெட்டியில் வைக்கப்படாத பூண்டெண்ணெய் கலந்த உணவை உண்ட 36 பேர் பாட்டுலிச நோய்க்கு ஆளாயினர். மண்ணில் விளையும் பூண்டில் அவ்வித்து ஒட்டியிருப்பது இயல்பு. பூண்டில் புளிப்புக் குறைவு. எண்ணெயோ காற்றை விலக்கி நிற்கும். காற்றில்லாத இடமே அந்நுண்ணுயிர்க்கு உகந்த இடம். எண்ணெயில் மூழ்கியது கெடாது என்னும் எளிய நம்பிக்கையே அங்குப் பகையாயிற்று. 4.6 என்னும் எண்ணை அறிந்த ஒருவர் அச்சமையற்கட்டில் இருந்திருந்தால் அத்துன்பம் நேர்ந்திராது.

வெப்பத்தைப் பற்றிய பாடம் இவற்றினும் ஆழமானது. 1919ஆம் ஆண்டில் ஒகையோ மாநிலத்துக் காண்டன் நகரில் நடைபெற்ற விருந்தொன்றில், கலிபோர்னியாவில் பதப்படுத்தி அடைத்த ஆலிவ் காய்களை உண்டோருள் எழுவர் மாண்டனர். பிற நகரங்களிலும் அத்தகைய சாவுகள் தொடர்ந்தன. மக்கள் ஆலிவை வாங்க அஞ்சினர்; தொழில் தளர்ந்தது. அதன் பின்னரே அக்கொடிய வித்தைக் கொல்ல எவ்வளவு வெப்பம் எவ்வளவு நேரம் வேண்டும் என்னும் ஆராய்ச்சி முனைந்து நடைபெற்றது. எஸ்டி, மேயர் என்னும் இருவர் 1922ஆம் ஆண்டில் விடை கண்டனர். 121 பாகை வெப்பத்தில் ஏறத்தாழ 0.21 நிமிடத்தில், பத்து வித்துகளில் ஒன்பது மடியும், ஒன்று எஞ்சும். அடுத்த 0.21 நிமிடத்தில் எஞ்சியதிலும் பத்தில் ஒன்பது பங்கு மடியும். இவ்வாறு பன்னிரண்டு முறை குறைத்தால் இலட்சங்கோடி வித்துகளுள் ஒன்றே எஞ்சக்கூடும். பன்னிரண்டு முறைக்கு ஆகும் நேரம் 2.52 நிமிடம், பாதுகாப்பின் பொருட்டு மூன்று நிமிடமாகக் கொள்வது வழக்கம். அம்மூன்று நிமிடமும் டப்பாவின் மேற்பரப்பில் அன்று, மிக மெல்லச் சூடேறும் உட்பகுதியில் கழிய வேண்டும். நீர்த்த சாற்றில் வெப்பம் சுழன்றோடி விரைவில் பரவும். கெட்டியான மொச்சைக் கூழிலோ எறும்பு ஊர்வது போல ஊர்ந்து செல்லும். ஆகவே சாற்றுக்கு வகுத்த நேரத்தைக் கூழுக்கு வைத்தவர், அறியாமலே நஞ்சை அடைத்தவராவர்.

மேற்கூறியவற்றுள் எதனைக் கற்கக் கல்லூரிக் கட்டடம் இன்றியமையாதது? கணக்கு, கணினித் திரையில் எழுதினாலும் கணக்கே. ஆசிரியர் தெளிந்தவராயின் வரைபடமும் விளங்கும், ஐயமும் தீரும். விரிவுரை மண்டபத்தின் கடைசி வரிசையில் தூங்கி வழிந்த மாணவனை விட, நள்ளிரவில் ஒரு விரிவுரையை மும்முறை திருப்பிக் கேட்ட பணியாளர் மிகுதியாகவே கற்றிருப்பார். எனவே, இணையவழிக் கற்ற உணவறிவியல் போலி அறிவு என்பாரின் கூற்று இப்பகுதியைப் பொறுத்தவரை நிற்காது.

ஆயினும் அவ்வழக்கின் மறுபாதி இன்னும் இருக்கின்றது. டப்பாக்களை வேகவைக்கும் கலத்திற்கு 'ரிடார்ட்' என்று பெயர். வீடுகளில் உள்ள பிரஷர் குக்கரைப் பன்மடங்கு பெருக்கினாற் போன்றது அது. அதனுள் நீராவியைச் செலுத்தும்போது முன்பே உள்ளிருந்த காற்றை முற்றிலும் வெளியேற்றுதல் வேண்டும். காற்று எஞ்சினால் நீராவியும் காற்றுமாகச் சேர்ந்து அழுத்தத்தைக் காட்டும். அழுத்தமானியின் முள் உரிய இடத்தில் நிற்கும். ஆனால் வெப்பம் உரிய அளவை எட்டியிராது. முள்ளை நம்பியவர் ஏமாறுவர். அதனாலேயே அழுத்தமானி எது காட்டினும் வெப்பமானி காட்டுவதையே ஆதாரமாகக் கொள்ள வேண்டும் என்பது விதி. இதனை ஒரு பத்தியில் எழுதிவிடலாம். மேலே எழுதப்பட்டும் விட்டது. ஆனால் காற்றுப் போக்கிக் குழாயிலிருந்து ஆவி சீறும் ஒலி எப்போது மாறுகின்றது, கதவின் அடைப்பு தேய்ந்தால் எங்குக் கசியும், டப்பாக்களைக் கூடையில் எவ்வாறு அடுக்கினால் இடையில் ஆவி புகாது நிற்கும் என்பன எழுத்தில் அடங்குவன அல்ல. செவியும் கண்ணும் கையும் கற்க வேண்டியவை அவை. பால் திரியத் தொடங்கும் முன் எழும் மெல்லிய மணத்தையும், எண்ணெய் சிக்கடையும் நிலையையும் எக்கம்பியும் சுமந்து வருவதில்லை.

பழிப்போர் இவ்விடத்தில் வெற்றி முழக்கம் செய்வர். அவர்கள் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அந்தப் பெண்மணிக்குத் தொலைவில் இருப்பது பல்கலைக்கழகமே, உணவு அன்று. ரிடார்ட் அவர் நிற்குமிடத்திலிருந்து பத்தடித் தொலைவில் ஆவி கக்கிக் கொண்டிருக்கின்றது. வளாகத்தில் தங்கிப் படிக்கும் மாணவர் ஒரு பருவத்தில் சில முறையே காணும் கலத்தை அவர் ஒரு நாளில் பல முறை காண்கின்றார். அவரிடம் காட்சி இருக்கின்றது, காரணம் இல்லை. வளாகத்து மாணவரிடம் காரணம் இருக்கின்றது, காட்சி குறைவு. இருவருள் யார் குறையை இணையம் தீர்க்க வல்லது என்பது வெளிப்படை. ஆலைப் பணியாளருக்கு இணையவழிச் சான்றிதழ் இரண்டாந்தரக் கல்வி அன்று. முதல்தரக் கல்வியே ஆதல் கூடும்.

ஆனால் உணவு ஆலையின் வாயிலையே மிதித்தறியாத ஒருவர், வேலை கிடைக்கும் என்னும் நம்பிக்கையால் மட்டும் இச்சான்றிதழைப் பெறுவாராயின் அவர் நிலை இரங்கத்தக்கது. பெருந்தொகை செலுத்திப் பெற்ற ஏடு அவர் கையில் இருக்கும். அதனைத் தாங்கும் பழக்கம் கையில் இராது. இத்தகையோரையும் பல்கலைக்கழகங்கள் தடையின்றிச் சேர்த்துக்கொள்ளின் அது பிழையே. 'இப்படிப்பு இன்னார்க்கு உரியது; பிறர்க்கு ஆய்வறைப் பயிற்சியும் வேண்டும்' என்று வாயிலிலேயே கூறுதல் நேர்மை. கட்டணம் குறையுமே என்று அதனைக் கூறாது விடுதல், டப்பாவின் மேல் பொய்ச்சீட்டு ஒட்டுவதற்கு ஒப்பாகும்.

கற்பிக்கும் முறையிலும் திருத்தம் வேண்டும். எல்லாரும் ஒரே வினாவுக்கு ஒரே விடை எழுதும் தேர்வு இக்கல்விக்குப் போதாது. மாணவர் தம் ஆலையிலேயே ஓர் உணவை எடுத்துக்கொண்டு அதன் புளிப்பையும் நீரளவையும் வெப்பத்தையும் அளந்து, எங்குத் தீங்கு நுழையக்கூடும் என்பதை ஆராய்ந்து எழுதுமாறு பணித்தல் வேண்டும். ஆலையின் மறைபொருள் வெளிப்பட்டுவிடும் என்று முதலாளிகள் அஞ்சுவர். மசாலைக் கலவையின் அளவு மறைபொருளாக இருக்கலாம். கொதிக்கும் நேரத்தை ஆசிரியரிடம் மறைப்பதால் எவர்க்கும் நன்மை இல்லை. இவற்றோடு, கோடை விடுமுறையில் ஒரு வாரமேனும் மாணவரைப் பல்கலைக்கழகத்து மாதிரி ஆலைக்கு அழைத்து, பால், இறைச்சி, தானியம் எனப் பல பொருள்களையும் கையாளச் செய்தல் வேண்டும். மொச்சை ஆலையில் இருப்பவர் மொச்சையை மட்டுமே அறிவார் அன்றோ?

படிப்புச் செலவை ஆலை ஏற்பதே முறை. பணியாளர் பெறும் அறிவால் முதற்பயன் அடைவது ஆலைதான். பணமே அன்றி நேரமும் தரவேண்டும். இரவுப் பணி முடிந்து வந்தவர் கண்விழித்துப் படித்துத் தேறுவதைப் பாராட்டிப் பேசுவது எளிது. அவருக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கித் தருவதே அரிது. தொலைவழிக் கல்வியைத் தொடங்கியோருள் பலர் இடையில் நின்றுவிடுகின்றனர் எனின், அவர்தம் ஊக்கக்குறைவு மட்டும் அதற்குக் காரணம் அன்று.

தகுதியுடையார் ஒருவர் கலத்தருகே இருக்க வேண்டும் என்னும் கொள்கை பெரும் விலை கொடுத்துப் பெறப்பட்டது. 1971ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தில் கணவனும் மனைவியும் டப்பாவில் அடைத்த உருளைக்கிழங்குச் சாற்றை அருந்தினர். கணவன் இறந்தார், மனைவி நெடுநாள் துன்புற்றார். சாறு போதிய அளவு வேகவில்லை. இரண்டாண்டு கழித்து, 1973ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு, புளிப்புக் குறைந்த டப்பா உணவுகளை வேகவைக்கும் பணியை, அரசு ஏற்ற பயிற்சிப் பள்ளியில் பயின்று தேறிய ஒருவரே மேற்பார்வை செய்தல் வேண்டும் என்று விதித்தது. சில நாளில் முடியும் அப்பயிற்சியும் இப்போது இணையவழிக் கிடைக்கின்றது. ஓர் ஏட்டுக்கும் ஓர் உயிருக்கும் இத்துணை நெருங்கிய தொடர்பு வேறு சில துறைகளில்தான் உண்டு.

ஏடு மட்டும் போதுமா என்பதற்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 2008, 2009ஆம் ஆண்டுகளில் ஜார்ஜியா மாநிலத்து நிலக்கடலை ஆலையொன்றிலிருந்து வெளிவந்த பண்டத்தால் 714 பேர் நோயுற்றனர், ஒன்பதின்மர் இறந்தனர். சால்மொனெல்லா என்னும் நுண்ணுயிர் அக்கடலையில் இருந்தது. அவ்வாலையில் சோதனை நடைபெறாமல் இல்லை. தீது கண்ட பின்னும் பண்டம் வெளியே அனுப்பப்பட்டது, பொய்ச்சான்றுகளும் இணைக்கப்பட்டன. 2015ஆம் ஆண்டில் அதன் தலைவருக்கு 28 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. நுண்ணுயிரியல் பாடத்தில் இதற்கு மருந்து இல்லை. எனினும் அறிந்தவர் ஒருவர், அறிந்ததை எழுதி வைத்து, கையொப்பமிட மறுக்கும்போது பொய்ச்சான்று பிறப்பது சிறிது கடினமாகின்றது. அறியாதவர் மறுக்கவும் இயலாது; எதை மறுப்பது என்பதே அவருக்குத் தெரியாதே! சான்றிதழ்ப் படிப்பு பணியாளருக்குத் தரும் பொருள்களுள் ஊதிய உயர்வைப் பலரும் எண்ணுகின்றனர். மறுப்பதற்குரிய சொற்களைத் தருவதே அதன் பெருங்கொடை.

மொச்சை ஆலையின் அப்பெண்மணி ஓர் இரவு கலத்தின் பதிவுத்தாளைப் பார்க்கின்றார் என்று கொள்க. வெப்பக் கோடு நடுவில் நான்கு நிமிடம் தாழ்ந்து, மீண்டும் எழுந்திருக்கின்றது. அழுத்தமானியில் மாற்றம் ஒன்றும் இல்லை. கூடைகளில் ஆயிரக்கணக்கான டப்பாக்கள். வெளியே வண்டி காத்து நிற்கின்றது. அவற்றின் தோற்றத்தில் குறை இல்லை. மணத்திலும் குறை இருக்காது. ஓராண்டுக்கு முன்னர் அவர் அத்தாளை மடித்துக் கோப்பில் வைத்திருப்பார். இப்போது அவர் கோட்டின் தாழ்வை அளக்கின்றார். டப்பாவின் நடுவில் கிடைத்திருக்கக்கூடிய நிமிடங்களைக் கணக்கிடுகின்றார். கணக்கு மூன்றை எட்டவில்லை. விதி தெளிவாக இருக்கின்றது: அவ்வளவையும் மீண்டும் முழு நேரம் வேகவைத்தல் வேண்டும், அல்லது அத்துறையில் வல்லார் ஆராய்ந்து கூறும்வரை தனியே ஒதுக்கி வைத்தல் வேண்டும். அவர் கூடைகளின்மீது 'நிறுத்தி வைக்க' என்னும் சீட்டைக் கட்டிவிட்டு, வண்டியோட்டியிடம் போகலாம் என்று சொல்வதற்காக வெளியே செல்கின்றார்.